பட்டியலுக்குள் அடங்காத மருந்து: பச்சைமலை வாய்மொழி வைத்தியமும் 2023 சட்டத் திருத்தமும்

பெரம்பலூர் மாவட்டத்தின் மேற்கு எல்லையில் நிற்கிறது பச்சைமலை. கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த இது திருச்சி, சேலம், பெரம்பலூர் ஆகிய மூன்று மாவட்டங்களுக்கும் பொதுவானது. மலைமேல் வாழ்வோர் பட்டியல் பழங்குடியினரான மலையாளிகள். இவர்கள் கேரளத்தவர் அல்லர். காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் என்று தம் முன்னோர் கதையைச் சொல்லும் தமிழ் மக்கள்.  ஆடாதோடை, கீழாநெல்லி போன்ற செடிகளும் அவற்றைக் கைமருந்தாக்கும் வழக்கமும் மலைக்கும் சமவெளிக்கும் பொது.

பச்சைமலை மருந்துச் செடிகளைப் பற்றிய ஆய்வுகளுக்குக் குறைவில்லை. பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை: தாவரவியல் பெயர், குடும்பம், உள்ளூர்ப் பெயர், பயன்படும் உறுப்பு, தீரும் நோய். செடிகளை அடையாளம் காண இந்த அட்டவணை உதவும். ஆனால் மருந்து என்பது செடி மட்டுமன்று. எந்தப் பருவத்தில் பறிப்பது, பச்சையாக அரைப்பதா நிழலில் உலர்த்துவதா, வெருகடி அளவா சுண்டைக்காய் அளவா, மோரிலா தேனிலா, எத்தனை வேளை, என்ன பத்தியம், யாருக்குக் கொடுக்கவே கூடாது என்பவை எல்லாம் சேர்ந்ததே மருந்து. அட்டவணையில் விடுபட்டுப்போவது இந்தப் பக்குவம்தான்.

கீழாநெல்லியையே எடுத்துக்கொள்வோம். காமாலைக்கு அது மருந்து என்பது தமிழ்நாட்டில் குழந்தைக்கும் தெரியும். 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் ‘லான்செட்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஹெபடைடிஸ் பி வைரஸைச் சுமந்திருந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்ததில், 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரஸின் மேற்பரப்பு ஆன்டிஜன் மறைந்திருந்தது. வெற்று மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. பின்னர் பிற நாடுகளில் நடந்த சோதனைகளில் இப்பலன் கிடைக்கவில்லை. முதல் ஆய்வின் முடிவே நிலைக்கத்தக்கதன்று என்று வாதிடலாம். இனமும் மண்ணும் பருவமும் பக்குவமும் வேறு என்றும் வாதிடலாம். எது சரி என்று சோதிக்கவேண்டுமானால், பக்குவம் முதலில் பதிவாகியிருக்க வேண்டும்.

ஈஸ்வரமூலியின் கதை இன்னும் கடுமையானது. பாம்புக்கடிக்கு உரியதாக அட்டவணைகளில் தவறாமல் இடம்பெறும் இக்கொடியின் இனத்தில் அரிஸ்டோலோகிக் அமிலம் உள்ளது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதிசெய்துள்ளது. பாம்புக்கடிக்கு விஷமுறிவு ஊசியே மருந்து என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மேலே பூசுவதா, உள்ளுக்குக் கொடுப்பதா, எவ்வளவு என்பதைச் சொல்லாமல் ‘வேர், பாம்புக்கடி’ என்று அச்சிடுவது அறிவியல் ஆகாது. படிப்பவர் உயிருக்கு ஆபத்து.

அறிவியலில் நேர்ந்த இந்தக் குறை சட்டத்தில் அநீதியாகிறது. 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்துக்கு 2023இல் வந்த திருத்தம், ‘நூலாக்கம் பெற்ற மரபறிவை’ப் பயன்படுத்துவோருக்கு மாநிலப் பல்லுயிர் வாரியத்திடம் முன்னறிவிப்பு, பலன் பகிர்வு இரண்டிலிருந்தும் விலக்கு அளிக்கிறது. நூலாக்கம் என்றால் 1940ஆம் ஆண்டு மருந்துகள், அழகுப் பொருட்கள் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள நூல்கள். போகர் 700, புலிப்பாணி 500 முதலிய சித்த நூல்கள் அதில் உண்டு. பச்சைமலைப் பாட்டியின் சொல் இல்லை. ஒரே செடி இரண்டிலும் இருந்தால் நிறுவனம் நூலைக் காட்டும். மலைக்கு ஒன்றும் வராது. சித்த நூல்களுக்கும் மூலம் மலைவாழ் மக்களின் கையறிவாக இருந்திருக்கலாம் என்பதைச் சட்டம் எண்ணிப் பார்க்கவில்லை.

வேறு வழி இருந்தது. அகத்தியமலைக் காணிப் பழங்குடியினர் காட்டிய ஆரோக்கியப்பச்சை என்னும் செடியிலிருந்து திருவனந்தபுரம் வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ‘ஜீவனி’ மருந்தை உருவாக்கி, 1995இல் 10 லட்சம் ரூபாய்க்கும் 2 விழுக்காட்டு உரிமத்தொகைக்கும் உரிமம் வழங்கியது. அதில் பாதி காணிகளுக்கு என்று முடிவாயிற்று. 1997இல் அவர்களுக்கென அறக்கட்டளை பதிவாயிற்று. அந்த ஏற்பாட்டிலும் குறைகள் உண்டு. ஆனால் அறிவின் உடைமையாளர் யார் என்ற கேள்விக்கு அது பதில் சொன்னது.

பக்குவத்தை எழுதிவைத்தால் திருட்டு எளிதாகுமே என்பார் உண்டு. அந்த அச்சம் நியாயமானது. ஆகவேதான் அப்படி எழுதும் பதிவேடு ஆய்வாளர் கையில் இருக்கக் கூடாது என்கிறேன். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(1)(கே) பிரிவு, பல்லுயிர் சார்ந்த மரபறிவின் மீது சமூகத்துக்கு உரிமை தருகிறது. அந்த உரிமையின் பெயரில் பதிவேடு கிராம சபையிடம் இருக்கட்டும். பச்சைமலைக்குப் போகும் ஆய்வு மாணவர்கள் கட்டுரையை இதழுக்கு அனுப்புமுன் அந்தச் சபையில் வாசித்துக் காட்டி, எதை அச்சிடலாம் என்று ஒப்புதல் பெற வேண்டும். ஒப்புதல் இல்லாத கட்டுரையை இதழாசிரியர்கள் திருப்பி அனுப்ப வேண்டும்.