ஜொகூரும் அணுகுண்டும்

அணுகுண்டின் சரித்திரத்தை எழுதுவோர் பெரும்பாலும் அதைச் செய்த தேசங்களைப் பற்றியும் அது வீழ்ந்த இரண்டு நகரங்களைப் பற்றியுமே எழுதி முடித்துவிடுகிறார்கள். அவ்வாயுதத்தை ஆக்குவதிலோ ஏவுவதிலோ யாதொரு பங்கும் இல்லாத மலேசிய மாநிலமான ஜொகூர் அந்தச் சரித்திரத்தில் எங்கே வருகிறது என்று ஒருவர் வினவினால், கியோத்தோ நகரத்து என்கோஜி என்னும் பௌத்த ஆலயத்தில் உள்ள ஒரு முஸ்லிம் இளைஞரின் கல்லறையைச் சுட்டிக்காட்டியே நாம் விடை சொல்லவேண்டும்.

ஜொகூரைச் சேர்ந்த அந்த இளைஞரின் பெயர் சையத் ஒமார். யுத்தகாலத்தில் ஜப்பானிய அரசாங்கம் தான் கைப்பற்றிய தென்கிழக்காசிய நாடுகளிலிருந்து தெரிந்தெடுத்து அழைத்துச்சென்ற மாணவர்களுள் அவரும், நிக் யூசோப், அப்துல் ரசாக் என்ற வேறு இரண்டு மலாயா மாணவர்களும் ஹிரோஷிமாவில் கல்வி பயின்றுகொண்டிருந்தனர். 1945 ஆகஸ்டு 6ஆம் நாள் காலை 8.15 மணிக்கு அந்நகரம் எரிந்தது. நிக் யூசோப் மீளவில்லை. உயிர் தப்பிய ஒமார் தோக்கியோ நோக்கிப் பிரயாணம் செய்கையில், கண்ணுக்குப் புலப்படாத கதிர்வீச்சின் விஷம் உடலெங்கும் பரவியதால் கியோத்தோவில் நோயில் வீழ்ந்து, ஜப்பானின் சரணாகதிப் பத்திரம் கையொப்பமான மறுநாள், அதாவது செப்டம்பர் 3ஆம் நாள், அங்கேயே காலமானார். மூவருள் அப்துல் ரசாக் ஒருவரே தாயகம் திரும்பி, ஆசிரியராகப் பணியாற்றி, 2013ஆம் ஆண்டு வரை அந்நாளின் சாட்சியாக வாழ்ந்தார்.

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்லவேண்டும். ஜப்பான்காரன் காலம் என்று நம் பெரியோர் நடுக்கத்தோடு குறிப்பிடும் அந்த மூன்றரை ஆண்டுகளில், மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு, பசியாலும் காலராவாலும் அடியுதையாலும் மாண்டனர். அவர்களுடைய குடும்பங்களுக்கு யுத்தத்தின் முடிவு விடுதலையாகவே வந்தது. அந்த ஆறுதலைக் குற்றமென்று கூற எவருக்கும் அதிகாரம் இல்லை. ஆயினும், யுத்தம் ஓய்ந்ததற்காக மகிழ்வது வேறு. ஒரு நகரத்தின் குழந்தைகளையும் முதியோரையும், பகைவனுடைய மண்ணில் படிக்கப்போன நம் வீட்டுப் பிள்ளையையும் ஒரே கணத்தில் தீக்கிரையாக்கும் ஆயுதம் நியாயமானது என்று ஒப்புவது வேறு. ஜப்பானிய ஆட்சியின் கொடுமையை அனுபவித்த நாடே அணுகுண்டைத் தடைசெய்க என்று கேட்கும்போது, அக்கோரிக்கை பகைவன்மேல் கொண்ட பரிவாலோ பட்சபாதத்தாலோ பிறந்ததன்று என்பது உலகத்துக்குத் தெளிவாகிறது.

யுத்தத்துக்குப் பின்னும் ஜொகூர் அவ்வாயுதத்தின் நிழலை விட்டு அகலவில்லை. நீரிணைக்கு அப்பால், சிங்கப்பூரின் மேற்குப் பகுதியிலுள்ள தெங்கா விமானத்தளத்தில், 1962 முதற்கொண்டு சில ஆண்டுகள் பிரிட்டிஷார் 48 வரையிலான அணுகுண்டுகளைச் சேமித்துவைப்பதற்கு ஏற்பாடு செய்திருந்தனர். ஹிரோஷிமாவை அழித்த குண்டுக்கு ஆற்றலில் குறையாதவை அவை. 1963 முதல் 1965 வரை சிங்கப்பூர் மலேசியாவின் அங்கமாகவே இருந்தது. எனினும் இக்கரையில் பால்மரம் வெட்டியவர்களுக்கும் மீன்பிடித்தவர்களுக்கும் அச்செய்தி தெரியாது. அந்நாளைய இரகசியப் பத்திரங்கள் வெளியான பிறகே, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து, அது பகிரங்கமாயிற்று. ஆதலால், அந்நிய நாட்டின் அணுஆயுதத்தை எம் மண்ணில் வைக்கலாகாது என்ற உடன்படிக்கை வாசகம் இப்பிரதேசத்து மக்களுக்கு வெறும் சட்டநுணுக்கம் அன்று.

அத்தகைய வாசகம் உருவாவதற்கு நீண்ட காலம் பிடித்தது. பிரிட்டிஷ் படைகள் விலகிக்கொண்டிருந்த 1971இல், தென்கிழக்காசியா சமாதானமும் சுதந்திரமும் நடுநிலைமையும் உள்ள வலயமாக விளங்கவேண்டும் என்று கோலாலம்பூர்ப் பிரகடனம் அறிவித்தது. அதன் வழியிலேயே 1995 டிசம்பர் 15ஆம் நாள் இப்பிராந்தியத்தை அணுஆயுதமற்ற வலயமாக்கும் பாங்காக் உடன்படிக்கை கையொப்பமாகி, 1997இல் அமலுக்கு வந்தது.

இவை அரசாங்கங்களின் செயல்கள். அரசாங்கங்களைப் பேசத் தூண்டிய பிரஜைகளின் பிரயத்தனம் இன்னும் மகத்தானது. மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் சமாதான சங்கத்தாரும் கூடி நடத்திய இயக்கத்தின் பயனாக, அணுஆயுதம் சட்டத்துக்கு உடன்பாடானதா என்ற கேள்வி ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றத்தின் முன் வந்தது. அங்கே அவ்வாயுதத்துக்கு எதிராக வாதாடிய நாடுகளுள் மலேசியாவும் ஒன்று. 1996 ஜூலை 8ஆம் நாள், ஆயுதக்களைவுப் பேச்சுவார்த்தையை நல்லெண்ணத்தோடு நடத்தி முடிப்பது தேசங்களின் கடமை என்று நீதிபதிகள் ஏகமனதாக உரைத்தனர். இலங்கையரான நீதிபதி வீரமந்திரி ஒருபடி மேலே சென்று, எந்தச் சூழ்நிலையிலும் அவ்வாயுதம் சட்டவிரோதமானதே என்று தனித் தீர்ப்பு வரைந்து, பேரழிவு அஸ்திரங்களை விலக்கிய இராமாயண, மகாபாரத மரபையும் அதில் எடுத்துக்காட்டினார். அவ்வாண்டு தொடங்கி, அந்தக் கடமையை நினைவூட்டும் தீர்மானத்தை மலேசியா ஐக்கிய நாடுகள் சபையில் ஆண்டுதோறும் முன்வைத்துவந்தது.

2005இல் நியூயார்க்கில் கூடிய அணுஆயுதப் பரவல் தடை மாநாடு ஒரு முடிவுமின்றிக் கலைந்தபோது, பலர் சோர்ந்திருக்கையில், மலேசிய மகப்பேறு மருத்துவரான ரொனால்டு மெக்காய், கண்ணிவெடிகளுக்குத் தடை பெற்றுத்தந்த மக்கள் இயக்கத்தைப் போன்று அணுஆயுத ஒழிப்புக்கும் ஒரு சர்வதேச இயக்கம் வேண்டும் என்று சக மருத்துவர்களுக்கு எழுதினார். சிசுக்களை இவ்வுலகுக்கு வரவேற்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவரின் உள்ளத்தில் அவ்வெண்ணம் உதித்தது மிகவும் பொருத்தமே. ஐகேன் என்ற பெயரோடு 2007இல் அவ்வியக்கம் தொடங்கிற்று. பத்தாண்டுகள் கழித்து, 2017 ஜூலை 7ஆம் நாள், 122 நாடுகளின் ஆதரவோடு அணுஆயுதத் தடை உடன்படிக்கை நிறைவேறியது. அவ்வியக்கத்துக்கு அவ்வாண்டின் நோபல் சமாதானப் பரிசும் கிட்டியது. அந்த உடன்படிக்கையை நெதர்லாந்து எதிர்த்து வாக்களித்தது. சிங்கப்பூர் வாக்களிக்காமல் விலகி நின்றது. மலேசியா 2020 செப்டம்பர் 30இல் உடன்படிக்கையை உறுதிசெய்தது. 2021 ஜனவரி 22இல் அது சர்வதேசச் சட்டமாயிற்று. ஆயுதத்தை வைத்திருப்பதும் அதைக் காட்டி அச்சுறுத்துவதும் மட்டுமன்றி, பிறருடைய ஆயுதத்துக்குத் தன் மண்ணில் இடமளிப்பதும் அதில் விலக்கப்பட்டிருக்கிறது.

அணுஆயுதம் வைத்திருக்கும் ஒன்பது நாடுகளில் ஒன்றும் அதில் சேரவில்லையே, பிறகு அந்தச் சட்டத்தால் என்ன பிரயோஜனம் என்று கேட்பவர் உண்டு. பாரதமும் அந்த ஒன்பதில் ஒன்றாக இருப்பது நமக்கு வருத்தம் தருவதே. ஆனால், அடிமை வியாபாரத்தை விலக்கிய சட்டங்களும் அவ்வியாபாரத்தால் செழித்தவர்கள் முன்வந்து கேட்டுப் பெற்றவை அல்ல. அது அதர்மம் என்று மற்றவர்கள் இடைவிடாது சொல்லிச்சொல்லியே அவை பிறந்தன. அவ்வாறு சொல்லும் தகுதி ஜொகூர் மக்களுக்கு மிகுதியாக உண்டு. ஹிரோஷிமாவுக்குத் தங்கள் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் அவர்கள், அறியாமலே அணுகுண்டுகளின் அருகில் வாழ்ந்தவர்களும் அவர்களே. சையத் ஒமாரின் வரலாறும் தெங்காவின் வரலாறும் மலாய், தமிழ், சீனப் பள்ளிகள் அனைத்திலும் போதிக்கப்படவேண்டும். தம் நாடு அந்த உடன்படிக்கையில் ஏன் கையொப்பமிட்டது என்பதை அறிந்த தலைமுறைதான் அதை எக்காலத்தும் கைவிடாமல் காக்கும்.