கணவாய் கிடைக்காததால் கிடைத்த மோட்டார்

பயாலஜி பரீட்சையில் செல் படம் வரைந்து கோல்கை, எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம் என்று பெயர் குறித்து எல்லோரும் மார்க் வாங்கியிருப்போம். ஒரு இடத்தில் தயாரான சரக்கு சவ்வுப் பைக்குள் அடைபட்டு இன்னொரு இடத்துக்கு எப்படிப் போகிறது? ரொம்ப நாள் நான் அது தானாக மிதந்து போகும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் முதுகுத்தண்டிலிருந்து பாதம் வரை ஒரே நரம்பு செல் கிட்டத்தட்ட 1 மீட்டர் நீள்கிறது. அதில் மிதந்து போக ஆயுள் போதாது! நிஜத்தில் பைகள் ஒரு நாளைக்கு 400 மில்லிமீட்டர் வரை போகின்றன. இழுப்பது யார்?

1983ல் ஸ்டான்ஃபோர்டில் ரொனால்ட் வேல் ஒரு ஆராய்ச்சி மாணவர். மைக்கேல் ஷீட்ஸ் அங்கே வந்திருந்த பேராசிரியர். தசையில் உள்ள மயோசினைப் பூசிய சின்ன மணிகள் ஆக்டின் இழைமேல் ஓடுவதை ஷீட்ஸும் ஜேம்ஸ் ஸ்புடிச்சும் அப்போதுதான் காட்டியிருந்தார்கள். நரம்பிலும் மயோசின்தான் இழுக்கிறதோ என்று வேலுக்குச் சந்தேகம். சோதிக்கக் கணவாய் வேண்டும். அதன் ராட்சத ஆக்ஸான் அரை மில்லிமீட்டர் தடிமன் வரும். டூத்பேஸ்ட் மாதிரி உள்ளே இருப்பதைப் பிதுக்கி எடுக்கலாம்.

அந்த வருடம் பார்த்து எல் நினோ. கலிஃபோர்னியா கடலில் கணவாய் சிக்கவில்லை. இருவரும் மூட்டை கட்டிக்கொண்டு எதிர்க்கரையில் உள்ள உட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வகத்துக்குப் போனார்கள். அங்கே ராபர்ட் ஆலன், ஸ்காட் பிரேடி முதலியோர் மைக்ராஸ்கோப்பில் வீடியோ கேமரா மாட்டி, பைகள் ஓடுவதை 1982லேயே படம் பிடித்திருந்தார்கள். வேலும் ஷீட்ஸும் அங்கிருந்த புரூஸ் ஷ்னாப், தாமஸ் ரீஸ் இருவரோடு சேர்ந்தார்கள். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பைகள் ஓடும் தண்டவாளம் ஆக்டின் அல்ல, நுண்குழல்! மயோசின் கணக்கு அடிபட்டது.

அடுத்து நடந்ததுதான் எனக்குப் பிடித்த இடம். பிரித்தெடுத்த பைகளை மட்டும் நுண்குழலோடு விட்டால் சரியாக ஓடவில்லை. ஆக்ஸான் சாற்றைச் சேர்த்தால் ஓடின. சரி, கன்ட்ரோலுக்காகப் பைகளே இல்லாமல் சாறும் நுண்குழலும் மட்டும். (நம் லேபில் கன்ட்ரோல் என்றால் ரெக்கார்டு நோட்டில் ஒரு வரி, அவ்வளவுதான்.) கண்ணாடித் தகட்டின்மேல் நுண்குழல்களே பாம்பு மாதிரி ஊர்ந்தன! மோட்டார் சாற்றில் கரைந்திருக்கிறது. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு தண்டவாளத்தையே தள்ளுகிறது. இந்த ஊர்தலை அடையாளமாக வைத்தே சாற்றைப் பிரித்துப் பிரித்து, 1985ல் அந்தப் புரதத்தைப் பிடித்தார்கள். பெயர் கைனசின். அதே வருடம் பிரேடியும் கோழி மூளையிலிருந்து தனியாக இதற்கு வந்து சேர்ந்தார். பாடப்புத்தகங்கள் அவரை மறந்துவிடுவது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சமிருந்தது. சாற்றில் நனைத்த மணிகள் இரண்டு திசையிலும் ஓடின. சுத்தமான கைனசினோ ஒரே திசையில்தான், நரம்பு முனையை நோக்கித்தான் ஓடியது. அப்படியானால் திரும்பி வரும் வண்டி வேறு. அது டைனின். 1960களில் இயான் கிப்பன்ஸ் செல்லின் மயிரிழைகளில் கண்டெடுத்த அதே இனம். மூளையிலும் அது உண்டென்று 1987ல் ரிச்சர்ட் வேலி குழு காட்டியது. நாம் படத்தில் நடுவில் வரைகிற கோல்கை நிஜத்திலும் நடுவில் உட்கார்ந்திருக்கிறதே, அதை உள்ளே இழுத்து வைத்திருப்பது டைனின். ரெட்டிகுலத்தை வெளிப்பக்கம் இழுத்து விரிப்பது கைனசின்.