டர்பைன் பிளேடின் பீங்கான் பூச்சு ஏன் உரிகிறது?

கோரிப்பாளையத்திலிருந்து ராமநாதபுரம் பக்கம் போனால், வழுதூரில் மின்வாரியத்தின் எரிவாயு மின்நிலையம் இருக்கிறது. எரிவாயு டர்பைன் பிளேடுகளுக்குப் பயன்படும் நிக்கல் கலவை உலோகம் சுமார் 1300 டிகிரி செல்சியஸில் உருக ஆரம்பித்துவிடும். நவீன டர்பைன்களுக்குள் வீசும் வாயுவின் சூடு அதையும் தாண்டும். பிளேடு பிழைக்க இரண்டு காரணங்கள்: உள்ளே ஓடும் குளிர்காற்று, மேலே கால் மில்லிமீட்டர் அளவுக்குப் பூசிய சிர்கோனியா என்ற பீங்கான். அந்தப் பூச்சு உரிந்தால் பிளேடின் ஆயுசு அவ்வளவுதான்.

வெறும் சிர்கோனியா சூடேறி ஆறும்போது அதன் படிக அமைப்பு மாறும்; பருமன் கூடி நொறுங்கும். அதைக் கட்டுப்படுத்த இட்ரியா சேர்த்தார்கள். 1976-ல் நாசாவின் லூயிஸ் ஆய்வு மையம், 12 சதவீதம் இட்ரியா கலந்த பூச்சை ஜே-75 ஜெட் எஞ்சின் பிளேடுகளில் சோதித்தது. பூச்சு நின்றது. அப்படியென்றால் இட்ரியா கூடக்கூட நல்லதுதானே? இல்லை. அதே மையத்தின் ஸ்டீபன் ஸ்டெக்குரா சூடேற்றி, ஆறவைத்து, மறுபடி சூடேற்றிப் பார்த்தார். 6 முதல் 8 சதவீதமே அதிக நாள் தாங்கும்னு 1978-ல் எழுதினார். இன்றும் பெரும்பாலும் அந்த அளவுதான்.

ஆனாலும் ஒருநாள் உரியத்தான் செய்கிறது. கோளாறு பீங்கானில் மட்டும் இல்லை. பீங்கானுக்கும் பிளேடுக்கும் நடுவே, பிடிப்புக்காக ஓர் உலோகப் பூச்சு உண்டு. அதிலுள்ள அலுமினியம் ஆக்சிஜனோடு சேர்ந்து, சில மைக்ரான் தடிமனில் அலுமினாவாக வளர்கிறது. அணைத்து ஆறவிடும்போது உலோகம் அதிகமாகச் சுருங்கும், அலுமினா குறைவாகச் சுருங்கும். நெரிபட்ட அலுமினா நெளியும். பொடிப்பொடி விரிசல்கள் ஒன்றுசேரும். பீங்கான் பொருக்காகக் கழன்றுவிடும். பழைய வீட்டுச் சுவரில் காரை உதிர்கிற மாதிரிதான்: விழுவது காரை, விட்டுப்போனது அடியிலிருக்கும் பிடிப்பு.

கீவ் நகரின் பேட்டன் நிறுவனத்தில் மோவ்சான் குழு வளர்த்த எலக்ட்ரான் கற்றை முறையில், பீங்கான் நெருக்கமான தூண்களாகப் படியும். இடைவெளி இருப்பதால் உலோகத்தோடு சேர்ந்து கொஞ்சம் வளைந்துகொடுக்கும். ஹைதராபாத் ஏஆர்சிஐ-யிலும் இந்த வசதி உண்டு. ஆனால் அடியிலிருக்கும் அலுமினா அங்கேயும் வளரும்.

ஓடும் நேரம் அலுமினாவை வளர்க்கிறது. ஒவ்வொரு நிறுத்தமும் அதை நெரிக்கிறது. அதனால்தான் டர்பைன் பராமரிப்பில் மணி நேரத்தோடு ஸ்டார்ட் எண்ணிக்கையையும் கணக்கு வைக்கிறார்கள். வழுதூர் இருக்கும் அதே மாவட்டத்தில், கமுதியில், 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தது. வெயிலைப் பார்த்து எரிவாயு டர்பைன்களை நிறுத்தி நிறுத்தி ஓட்டும் காலம் வந்தால், மிச்சமாகும் எரிவாயுவோடு உரியும் பூச்சையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்கணும்.