மிசாவுக்கு முன்னும் பின்னும்

நம்மூரில் மிசா என்றால் 1976, சென்னை மத்திய சிறை, ஸ்டாலின், சிட்டிபாபு. இங்கே புனேயில் எதிர்வீட்டுத் தாத்தாவுக்கு அது எரவாடா ஜெயில். 19 மாதம் உள்ளே இருந்தவர்.

ஆனால் கதை 1950 பிப்ரவரியிலேயே ஆரம்பித்துவிட்டது. குடியரசாகி ஒரே மாதம். விசாரணையில்லாமல் உள்ளே வைக்கத் தடுப்புக் காவல் சட்டம். கொண்டுவந்தவர் படேல். 1942 முதல் 1945 வரை வெள்ளைக்காரன் அவரையே விசாரணையில்லாமல்தான் அடைத்து வைத்திருந்தான்! ஒரு வருடத்துக்கு மட்டும் என்றார்கள். எங்கள் வங்கியில் ஓவர்டிராஃப்டைப் புதுப்பிப்பது போல நீட்டி நீட்டி, 1969 கடைசி வரை ஓட்டினார்கள். சென்னை அரசு பிடித்து வைத்திருந்த ஏ.கே.கோபாலன் உச்ச நீதிமன்றம் போனார். 1950 மே மாதம் தோற்றார்.

1971இல் மிசா. 1974இல் அந்நியச் செலாவணி, கடத்தல் ஆசாமிகளுக்கென்று காஃபிபோசா. நெருக்கடி நிலையில் உள்ளே போனவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். ஆட்கொணர்வு மனுகூட செல்லாது என்று 1976 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. ஐந்து நீதிபதிகளில் எச்.ஆர்.கன்னா மட்டும் முடியாது என்றார். தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டிப் போய்விட்டது.

ஜனதா அரசு மிசாவை ஒழித்தது, காஃபிபோசாவைத் தொடவில்லை. 1980இல் இந்திரா திரும்பி வந்தார். அதே வருடம் தேசியப் பாதுகாப்புச் சட்டம். இன்றும் அதில் 12 மாதம் வரை வைக்கலாம்.

"மிசாதான் போயிடுச்சே" என்பார் தாத்தா. நான் 1980 பற்றி அவரிடம் பேச்செடுப்பதில்லை.