பரமபத சோபான படம்: ஆட்டப் பலகையும் கதை மரபும்

தமிழ் இலக்கியத்தில் பகடைக்கு நற்பெயர் இல்லை. திருக்குறளின் 94ஆம் அதிகாரம் சூதைக் கடிகிறது. நளவெண்பாவில் நளன் நாடிழப்பதும் சூதாலேயே. இத்தகைய பகடை, வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்போர் கையில் பக்திக் கருவியாவது எவ்வாறு என்னும் வினாவிற்குப் பரமபத சோபான படம் விடை தருகிறது.

சோபானம் என்பது படிக்கட்டு. கேரளக் கோயில்களில் கருவறை முன்னுள்ள படிகளும் இப்பெயர் பெறும். படத்தில் ஏணிகள் நற்பண்புகளையும் பாம்புகள் தீக்குணங்களையும் குறிப்பன; உச்சியில் வைகுந்தம். தாயக்கட்டை காட்டும் எண்ணுக்கேற்ப ஆடுவோர் ஒவ்வொருவரும் ஏற்றமும் வீழ்ச்சியும் கொண்ட தனிக்கதையைப் பெறுகின்றனர். பந்தயம் இல்லாமையால் பகடை இங்குப் பொருளைப் பறிப்பதில்லை, வினைப்பயனை உணர்த்துகிறது.

108 திவ்விய தேசங்களுள் பரமபதமும் ஒன்று, திருவனந்தபுரமும் ஒன்று. பலகையில் வீழ்த்தும் பாம்பு, திருவனந்தபுரத்தில் அனந்தனாகத் திருமாலுக்கு அணையாகிறது. அஞ்சத்தக்கதே இறைவனிடத்தில் அடைக்கலமாகும் இம்முரணே ஆட்டத்தின் கதைச்சுவையை ஆழப்படுத்துகிறது எனலாம்.

1943இல் அமெரிக்காவின் மில்டன் பிராட்லி நிறுவனம் வெளியிட்ட வடிவில் பாம்புகள் சறுக்குமரங்களாயின. புராணம் நீங்கிச் சிறுவரின் செயல்களே ஓவியங்களாயின. 1974இல் கேரி கைகாக்சும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்திலும் பகடை கதையை நகர்த்துகிறது. ஆயின் அங்குக் கதை ஆடுவோர் பேச்சில் பிறக்கிறது. பரமபதத்திலோ பலகையிலேயே எழுதப்பட்டுள்ளது.

ஆகவே இப்படம் ஒரு பனுவலாகும். அச்சுப் படங்களிலுள்ள பெயர்க்குறிப்புகளைத் தொகுத்து ஒப்பிடுதல் தமிழாய்வின் கடமை. பெயர்கள் மறைந்து எண்கள் மட்டும் எஞ்சின், ஆட்டம் நிற்கும், கதை நில்லாது.