கையால் செய்த வாழ்த்து அட்டை - ஒரு சிறு வரலாறு

வாழ்த்து அட்டை என்றதும் கடையில் வாங்கும் பளபளப்பான அட்டைதான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கத்துப் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பைகளில் வேறு ஒரு வகை அட்டையும் இருக்கும். சார்ட் பேப்பரை இரண்டாக மடித்து, ஓரத்தில் ஜிகினா ஒட்டி, உள்ளே ஸ்கெட்ச் பேனாவால் நண்பனின் பெயரை எழுதிய அட்டை அது. பசை கொஞ்சம் வெளியே வழிந்திருக்கும். கோடு கோணலாக இருக்கும். இருந்தாலும் வாங்கியவர் அதை எளிதில் தூக்கிப் போடுவதில்லை.

இந்த அட்டையின் வரலாற்றில் ஒரு வேடிக்கை உண்டு. அச்சடித்த வாழ்த்து அட்டை பிறந்ததே, கையால் எழுதும் வேலையைக் குறைப்பதற்காகத்தான். குழந்தைகள் அதைத் திரும்பவும் கைவேலையாக மாற்றினார்கள். இன்று அச்சு அட்டை மறைந்துவருகிறது, கைவேலை நிற்கிறது!

லண்டனில் தொடங்கிய கதை

1843-ல் லண்டனில் ஹென்றி கோல் என்பவருக்குக் கிறிஸ்துமஸ் கடிதங்களுக்குப் பதில் எழுதி மாளவில்லை. ஓவியர் ஜான் கால்காட் ஹார்ஸ்லியிடம் சொல்லி ஒரு படம் வரையச் செய்தார். அதைச் சுமார் 1000 பிரதிகள் அச்சடித்தார்கள். ஒரு அட்டையின் விலை ஒரு ஷில்லிங். விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டை இதுதான் என்று சொல்வார்கள். அச்சடித்த பிறகு அதற்கு வண்ணம் தீட்டியது கையால்தான் என்பது பலருக்குத் தெரியாது. முதல் அச்சு அட்டையும் பாதி கைவேலைதான்!

இந்தியாவில் 1879-ல் கால் அணா விலையில் தபால் அட்டை வந்தது. குறைந்த செலவில் நலம் விசாரிக்கும் பழக்கம் அதனால் பரவியது. வாழ்த்து அட்டைக்கு வேண்டிய வழியும் அதனால் உண்டானது.

பொங்கல் வாழ்த்து

தமிழ்நாட்டில் வாழ்த்து அட்டை என்றால் முதலில் பொங்கல் வாழ்த்துதான். 20-ஆம் நூற்றாண்டில் பொங்கலைத் தமிழர் திருநாளாக எல்லாரும் கொண்டாட வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. திராவிட இயக்கம் இதற்குப் பெரிதும் ஊக்கம் தந்தது. கரும்பு, பொங்கல் பானை, காளை மாடு, உதயசூரியன், கடவுள்கள், தலைவர்கள், எம்.ஜி.ஆர்., சிவாஜி என்று விதவிதமான படங்களோடு அட்டைகள் வந்தன. சிவகாசி அச்சகங்கள் இவற்றை ஊர் ஊராக அனுப்பின. மார்கழி பாதி ஆனதுமே கடை வாசலில் கயிறு கட்டி அட்டைகளைத் தொங்கவிடுவார்கள். உறையை ஒட்டாமல் அனுப்பினால் தபால் செலவு குறைவு என்பதால் பலரும் அப்படியே அனுப்பினார்கள்.

தாம்பரத்துக்கு இதில் தனி இடம் உண்டு. 1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937-ல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி நகரத்தை விட்டுத் தாம்பரத்துக்கு வந்தது. பிறகு ரயில்வே, விமானப்படை, அரசு அலுவலகம் என்று வேலைக்கு வந்தவர்கள் இந்தப் பகுதியில் குடியேறினார்கள். அவர்களில் பலருக்குச் சொந்த ஊர் தொலைவில். ஊரில் இருக்கும் தாத்தா பாட்டிக்கும் மாமா பிள்ளைகளுக்கும் அனுப்ப அட்டை தேவைப்பட்டது. கடற்கரை நிலையத்தில் இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் ஜார்ஜ் டவுனில் ஆண்டர்சன் தெரு. காகிதத்துக்கும் அட்டைக்கும் பேர் போன தெரு அது.

கடை அட்டையும் கை அட்டையும்

வகுப்பில் நாற்பது பேர் இருந்தால் நாற்பது அட்டை வாங்க எந்த வீட்டில் காசு கொடுப்பார்கள்? யாருக்கு எத்தனை அட்டை வந்தது என்று எண்ணிப் பார்க்கும் வயது வேறு. கொடுக்க முடியாதவன் கூசிப்போவான். இந்த இடத்தில்தான் கை அட்டை உதவிக்கு வந்தது. பணம் இல்லாத பிள்ளையும் சமமாக நிற்க அது வழி செய்தது.

செய்முறையும் மிக எளிது. வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி வண்ணத்தில் தொட்டு அழுத்தினால் ஐந்து இதழ்ப் பூ விழும். நூலை வண்ணத்தில் நனைத்து, மடித்த தாளுக்குள் வைத்து, அழுத்திப் பிடித்தபடி இழுத்தால் இருபுறமும் ஒரே மாதிரி கோலம் வரும். இலையைத் தாள் மேல் வைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷில் வண்ணம் தொட்டுச் சீப்பில் தேய்த்துத் தெளித்தால் இலை வெள்ளையாக நிற்கும். உடைந்த வளையல் துண்டு, நெல்மணி, பழைய காலண்டர் படம் எல்லாம் அலங்காரம். மைதா மாவைக் காய்ச்சினால் பசையும் தயார். கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கமே போதும், புது அட்டை கூட வேண்டாம்.

அடையாறும் ஈஞ்சம்பாக்கமும்

கைவேலை என்றால் பொழுதுபோக்கு என்ற எண்ணம் பலருக்கு உண்டு. அப்படி நினைக்காதவர்கள் தென்சென்னையில் இருந்தார்கள்.

1939-ல் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி தன் மகன் மரியோவுடன் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர் பயிற்சி நடத்தினார். குழந்தையின் அறிவு கை வழியாகத்தான் வளர்கிறது என்பது அவருடைய கொள்கை. 1940-ல் இத்தாலி போரில் இறங்கியதும் ஆங்கில அரசு மரியோவைக் காவலில் வைத்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 31, மாண்டிசோரியின் 70-ஆவது பிறந்தநாள். பிறந்தநாள் பரிசாக மகனை விடுவித்தார்கள். 1946 வரை அவர் இந்தியாவில் இருந்தார்.

1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல ஓவியர் கிராமத்தை உருவாக்கினார். ஓவியம் விற்றுப் பிழைப்பது அன்று கடினம். அங்கிருந்த கலைஞர்கள் பத்திக் துணி போன்ற கைவினைப் பொருட்களைச் செய்து விற்று, அந்த வருமானத்தில் ஓவியம் வரைந்தார்கள். பெரிய கலைக்கே சோறு போட்டது கைவேலைதான்.

ஒரு சிறுமியின் நன்றி

உலகப் புகழ் பெற்ற ஒரு வாழ்த்து அட்டையும் குழந்தையின் கையில் பிறந்ததுதான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு செக்கோஸ்லோவாக்கியாவில் உணவுக்குப் பஞ்சம். யுனிசெஃப் அனுப்பிய உதவிக்கு நன்றி சொல்ல, ஜித்கா சாம்கோவா என்ற 7 வயதுச் சிறுமி ஒரு படம் வரைந்தாள். காகிதம் கிடைக்காததால் கண்ணாடித் துண்டில் வரைந்தாள் என்று சொல்லப்படுகிறது. மலர் சூடிய கம்பத்தைச் சுற்றி ஆடும் குழந்தைகளின் படம் அது. 1949-ல் யுனிசெஃப் வெளியிட்ட முதல் வாழ்த்து அட்டை அதுவே.

குறுஞ்செய்தி வந்த பிறகு

செல்போன் வந்ததும் அச்சு அட்டை தளர்ந்தது. பண்டிகை நாட்களில் குறுஞ்செய்திக்குச் சலுகை கிடையாது என்று நிறுவனங்கள் அறிவித்த காலத்திலும் மக்கள் அதையே அனுப்பினார்கள். பிறகு வாட்ஸ்அப். கடை வாசல் கயிறுகள் காணாமல் போயின.

கை அட்டை மட்டும் எப்படித் தப்பியது? அது தபாலை நம்பி இருக்கவில்லை! பக்கத்து பெஞ்சுக்குக் கையால் கொடுக்கும் பொருள் அது. பிறந்தநாளுக்கும், 1962 முதல் கொண்டாடப்படும் ஆசிரியர் தினத்துக்கும் பிள்ளைகள் இன்றும் செய்கிறார்கள். யாருடைய பிறந்தநாள் ஆசிரியர் தினமோ, அந்த ராதாகிருஷ்ணன் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் பழைய மாணவர்.

மிஞ்சுவது எது?

தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய நூல்களோடு நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் போன்ற சிறு அச்சுத் தாள்களையும் காக்கிறார்கள். அச்சடித்ததற்குப் பல பிரதிகள் உண்டு. ஒன்று போனாலும் இன்னொன்று எங்காவது கிடைக்கும். குழந்தை செய்த அட்டைக்கு ஒரே பிரதிதான். அதன் காப்பகம் வீட்டு பீரோவின் கீழ்த்தட்டு மட்டுமே.

2015 டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது. முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் அடையாற்று வெள்ளம் புகுந்தது. கீழ்த்தட்டில் இருந்த காகிதங்களே முதலில் நனைந்தன. ரேஷன் கார்டுக்கும் பத்திரத்துக்கும் நகல் வாங்கலாம். நண்பன் செய்து கொடுத்த அட்டைக்கு நகல் தர எந்த அலுவலகமும் இல்லை.

ஆகவே அட்டை செய்யும் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் இரண்டு பழக்கங்களைச் சொல்லித் தரலாம். பின்பக்கம் பெயர், ஊர், தேதி எழுதச் சொல்லலாம். வந்த அட்டைகளை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு மேல் தட்டில் வைக்கச் சொல்லலாம். தாம்பரத்துப் பிள்ளைகள் எப்படி நட்பு பாராட்டினார்கள் என்று ஐம்பது வருடம் கழித்து யாராவது கேட்டால், பதில் சொல்ல அந்த உறை இருக்கும்.