வைட்டமினும் ஹார்மோனும்: மாதவிடாய் நிறுத்தத்திற்குப் பிந்தைய எலும்பு நலச் சிகிச்சையில் டி, கே வைட்டமின்களின் இடம் – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வழங்கப்படும் ஹார்மோன் ஈட்டுச் சிகிச்சையோடு டி, கே வைட்டமின்களையும் சேர்த்துக்கொள்வது எலும்பைக் காக்கும் என்னும் கருத்து இன்று பரவலாக வழங்குகிறது. ஈஸ்ட்ரோஜன், டி, கே ஆகிய மூன்று பொருள்களும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஒன்றோடொன்று தொடர்புடைய ஆய்வுக்கூடங்களில் இனங்காணப்பட்டவை. எனினும் ‘வைட்டமின்’, ‘ஹார்மோன்’ என்னும் வகைப்பாடு அவற்றைத் தனித்தனித் துறைகளுக்கு உரியனவாக்கியது. அப்பிரிவு சிகிச்சைச் சோதனைகளிலும் நீண்டகாலம் தொடர்ந்ததையும், டி வைட்டமினுக்கும் கே வைட்டமினுக்கும் உரிய சான்றுகள் ஒரே வலிமை உடையன அல்ல என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: எலும்புப்புரை, ஈஸ்ட்ரோஜன், வைட்டமின் டி, வைட்டமின் கே, மருத்துவ வரலாறு

முன்னுரை

ஒரு பொருளுக்கு இடப்படும் பெயர் அதனை யார் ஆராய்வது, எவ்வாறு சோதிப்பது, எந்த நோய்க்கு வழங்குவது என்பவற்றையும் பெரிதும் வரையறுத்துவிடுகிறது. எலும்புப்புரைச் சிகிச்சையின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். மாதவிடாய் நின்ற பின் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைவதால் எலும்பு கரையும் வேகம் எலும்பு உருவாகும் வேகத்தை விஞ்சுகிறது. முதுகெலும்பு, இடுப்பெலும்பு, மணிக்கட்டு ஆகியன எளிதில் முறியும் நிலையை அடைகின்றன. இழந்த ஹார்மோனை ஈடுசெய்வதா, உணவுச் சத்தை மிகுவிப்பதா, இரண்டையும் சேர்ப்பதா என்னும் வினாவுக்கு அளிக்கப்பட்ட விடைகள் காலந்தோறும் மாறிவந்துள்ளன.

இரு பெயர்களின் தோற்றம்

உடலின் ஓரிடத்தில் சுரந்து குருதி வழியே பிறிதோரிடத்தை இயக்கும் பொருளுக்கு ‘ஹார்மோன்’ என்னும் பெயரை 1905இல் எர்னஸ்ட் ஸ்டார்லிங் அறிமுகப்படுத்தினார். உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாது உணவிலிருந்து சிறிதளவில் பெறவேண்டிய பொருள்களைக் குறிக்கும் பெயரை 1912இல் காசிமிர் ஃபங்க் உருவாக்கினார். அகத்தே பிறப்பது ஹார்மோன், புறத்தேயிருந்து பெறுவது வைட்டமின் என்ற பகுப்பு இவ்வாறு நிலைபெற்றது. தமிழில் வழங்கும் ‘இயக்குநீர்’, ‘உயிர்ச்சத்து’ என்னும் கலைச்சொற்களும் இப்பகுப்பையே பின்பற்றுகின்றன.

டி வைட்டமின் தொடக்கத்திலேயே இப்பகுப்புக்குள் முழுமையாக அடங்கவில்லை. 1919இல் எட்வர்ட் மெலன்பி நாய்க்குட்டிகளில் ரிக்கெட்ஸ் நோயை உணவால் தோற்றுவித்து, காட் மீன் ஈரல் எண்ணெயால் அதனைத் தடுக்க முடியும் எனக் காட்டினார். அதே ஆண்டில் பெர்லினில் குர்ட் ஹுல்ட்சின்ஸ்கி, புறஊதாக் கதிர் விளக்கொளியால் குழந்தைகளின் ரிக்கெட்ஸ் குணமாவதை வெளியிட்டார். ஒரே நோய்க்கு உணவும் மருந்து, ஒளியும் மருந்து என்னும் நிலை அப்பொருள் உணவுச் சத்து மட்டும் அன்று என்பதைச் சுட்டியது. ஆயினும் 1922இல் எல்மர் மெக்காலம் அதனை வைட்டமின் வரிசையில் சேர்த்து ‘டி’ என்னும் எழுத்தை வழங்கினார்; அப்பெயரே நிலைத்தது.

ஆய்வுக்கூட உறவுகள்

இம்மூன்று பொருள்களின் வேதியியல் வரலாறு வியப்பூட்டும் வகையில் பின்னிப் பிணைந்துள்ளது. ஸ்டெரால்களையும் அவற்றுக்கு வைட்டமின்களோடுள்ள தொடர்பையும் ஆராய்ந்த கோட்டிங்கன் பேராசிரியர் அடால்ஃப் விண்டாஸ் 1928இல் நோபல் பரிசு பெற்றார். அவரிடம் முனைவர் பட்டம் பெற்ற அடால்ஃப் புட்டெனாண்ட் 1929இல் ஈஸ்ட்ரோன் என்னும் பெண்பால் ஹார்மோனைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். அதே ஆண்டில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எட்வர்ட் டாய்சியும் தனித்து அதனைச் செய்து முடித்தார்.

கொழுப்பு நீக்கிய உணவுண்ட கோழிக்குஞ்சுகளிடம் குருதிக்கசிவு தோன்றியதைக் கோபன்ஹேகனில் ஹென்ரிக் டாம் 1929இல் பதிவு செய்தார். 1935இல் குருதி உறைதலைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்தைக் கொண்டு அப்பொருளுக்குக் ‘கே’ எனப் பெயரிட்டார். 1939இல் கே வைட்டமினைப் பிரித்தெடுத்து அதன் அமைப்பை நிறுவியவர்களுள் முதன்மையானவர், ஈஸ்ட்ரோனைப் படிகமாக்கிய அதே டாய்சி ஆவார். 1943ஆம் ஆண்டுக்குரிய மருத்துவ நோபல் பரிசை டாமும் அவரும் பகிர்ந்துகொண்டனர். ஒருவர் கையாலேயே பெண்பால் ஹார்மோனும் கே வைட்டமினும் துலக்கமுற்றும், அவை இரண்டும் எலும்பில் சந்திக்கும் என்னும் எண்ணம் அன்று எழ வாய்ப்பில்லை; கே அப்போது குருதிக்கு மட்டுமே உரியதாகக் கருதப்பட்டது.

ஆல்பிரைட் வகுத்த எல்லை

1940, 1941ஆம் ஆண்டுகளில் பாஸ்டனைச் சேர்ந்த ஃபுல்லர் ஆல்பிரைட் வெளியிட்ட கட்டுரைகள் எலும்புப்புரையை மாதவிடாய் நிறுத்தத்தோடு தெளிவாகத் தொடர்புபடுத்தின. அவர் இரு நோய்களை வேறுபடுத்தினார். எலும்பின் அடித்தளப் புரதமே குறைந்துபோவது எலும்புப்புரை. புரதம் இருந்தும் அதில் சுண்ணாம்பு படியாமல் போவது எலும்பு மென்மையாதல். முன்னதற்கு ஈஸ்ட்ரோஜன், பின்னதற்கு டி வைட்டமின் என்பது இப்பகுப்பிலிருந்து பெறப்படும் முடிவு. நோயறிதலுக்குப் பெரிதும் துணைபுரிந்த இவ்வேறுபாடு, இரு பொருள்களையும் ஒரே நோயாளியிடம் சேர்த்து எண்ணும் வழியை அடைத்தது எனலாம். ஈஸ்ட்ரோஜன் எலும்பை ஆக்குகிறது என அவர் கருதினார். அது முதன்மையாக எலும்பு கரைவதைக் கட்டுப்படுத்துகிறது என்பது பின்னரே தெளிவாயிற்று.

1942இல் கருவுற்ற குதிரைகளின் சிறுநீரிலிருந்து பெறப்பட்ட ‘பிரிமரின்’ அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. 1975இல் ஈஸ்ட்ரோஜனைத் தனித்து உட்கொள்வதற்கும் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு வெளியானதும் புரோஜெஸ்டின் சேர்க்கும் முறை பரவியது. இக்காலத்தில் சிகிச்சையோடு சேர்க்கப்பட்ட துணைப்பொருளும் மற்றொரு ஹார்மோனே என்பது நோக்கத்தக்கது.

வகைப்பாடு நெகிழ்தல்

1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் டி வைட்டமின் கல்லீரலிலும் பின்னர்ச் சிறுநீரகத்திலும் மாற்றமுற்றுக் கால்சிட்ரியால் என்னும் செயல்வடிவம் பெறுவது நிறுவப்பட்டது. ஓர் உறுப்பில் உருவாகிக் குருதி வழியே குடலையும் எலும்பையும் இயக்கும் அப்பொருள் ஸ்டார்லிங்கின் வரையறைப்படி ஹார்மோனே ஆகும். 1974இல் கே வைட்டமினின் செயல்முறை வெளிப்பட்டது: சில புரதங்களிலுள்ள குளூட்டாமிக் அமிலத்தை மாற்றி, கால்சியத்தைப் பற்றும் திறனை அது அவற்றுக்கு அளிக்கிறது. அத்தகைய புரதமான ஆஸ்டியோகால்சின் எலும்பில் கண்டறியப்பட்டதும் கே எலும்பியலுக்குள் நுழைந்தது. எலும்பாக்கச் செல்கள் ஆஸ்டியோகால்சினை உருவாக்கக் கால்சிட்ரியால் தூண்டுகிறது. அது கால்சியத்தைப் பற்றுமாறு கே செய்கிறது. 1988இல் எலும்புச் செல்களில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகள் கண்டறியப்பட்டன. மூன்றும் ஒரே திசுவில் சந்திக்கின்றன என்பது இவ்வாறு உறுதியாயிற்று.

சேர்த்து அளித்த சோதனைகள்

உயிரியல் தொடர்பு சிகிச்சைப் பயனாகுமா என்பது வேறு வினா. பின்லாந்தின் குவோப்பியோவில் மாதவிடாய் நின்று சில ஆண்டுகளே ஆன 464 பெண்களிடம் ஐந்தாண்டு நடந்த ஆய்வில், ஹார்மோன் சிகிச்சையோடு குறைந்த அளவு டி வைட்டமின் சேர்த்தது எலும்பு அடர்த்தியில் கூடுதல் பயன் தரவில்லை. 2001இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று 65 முதல் 77 வயதுக்குட்பட்ட 489 பெண்களிடம் ஹார்மோனையும் கால்சிட்ரியாலையும் தனித்தும் சேர்த்தும் சோதித்தது. மருந்தை ஒழுங்காக உட்கொண்டோரிடையே சேர்க்கை கூடுதல் அடர்த்தியைத் தந்தது. பெண்களின் வயதும் வழங்கிய பொருளின் வடிவமும் அளவும் வேறுபட்டமையால் இவ்விரு முடிவுகளையும் நேர்முரண் எனக் கொள்ளவியலாது.

அமெரிக்கப் பெண்கள் நல முன்முயற்சி என்னும் பேராய்வு இதில் திருப்புமுனையாகும். 16,608 பெண்கள் பங்கேற்ற ஈஸ்ட்ரோஜன்–புரோஜெஸ்டின் சோதனை 2002இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. இடுப்பெலும்பு முறிவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தபோதிலும் மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், குருதிக்கட்டி ஆகியன மிகுந்தமையே காரணம். உலகெங்கும் ஏராளமான பெண்கள் இச்சிகிச்சையைக் கைவிட்டனர். அதே முன்முயற்சியின் கீழ் 36,282 பெண்களுக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியமும் 400 அலகு டி வைட்டமினும் வழங்கிய சோதனை 2006இல் வெளியானது. இடுப்பெலும்பு முறிவில் புள்ளியியல் அடிப்படையில் உறுதியான குறைவு காணப்படவில்லை. சிறுநீரகக் கல் மிகுந்தது.

இரு சோதனைகளிலும் பங்கேற்ற பெண்களைத் தனியே நோக்கிய பகுப்பாய்வு 2014இல் வெளிவந்தது. கால்சியம்–டி சேர்க்கையின் பயன், ஹார்மோன் பெற்றோரிடம் தெளிவாகவும் வெற்று மாத்திரை பெற்றோரிடம் இன்மையாகவும் இருந்தது. டி வைட்டமின் ஹார்மோனுக்கு மாற்று அன்று, அதன் துணை என்னும் கருத்துக்கு இதுவே வலுவான ஆதாரம். எனினும் இங்குக் கால்சியமும் உடன் வழங்கப்பட்டமையால் பயன் முழுவதையும் டி வைட்டமினுக்கே உரித்தாக்க இயலாது. 25,871 பேர் பங்கேற்ற வேறோர் ஆய்வு, நாள்தோறும் 2,000 அலகு டி வைட்டமினைத் தனித்து வழங்கியும் பொதுமக்களிடையே எலும்பு முறிவு குறையவில்லை என 2022இல் அறிவித்தது.

கே வைட்டமின்: ஜப்பானிய அனுபவம்

கே2 வகையைச் சேர்ந்த மெனடெட்ரெனோன் 1995இல் ஜப்பானில் எலும்புப்புரை மருந்தாக ஏற்கப்பட்டது. நாளொன்றுக்கு 45 மில்லிகிராம் என்னும் அதன் அளவு உணவின் வழிக் கிட்டுவதைவிடப் பன்மடங்கு மிகுதி. 396 பெண்கள் பங்கேற்ற யாமகுச்சி ஆய்வு 2004இல் வெளியானது. ஹார்மோன், எட்டிட்ரோனேட், கால்சிட்டோனின், ஆல்ஃபாகால்சிடால் என்னும் டி வடிவம், கே2 ஆகியவற்றை ஐந்து குழுக்களுக்குத் தனித்தனியே வழங்கி, சிகிச்சை பெறாத ஆறாம் குழுவோடு அது ஒப்பிட்டது. ஹார்மோனும் வைட்டமின்களும் ஓராய்வில் இடம்பெற்றும் போட்டியாளர்களாகவே நிறுத்தப்பட்டன, துணைவர்களாகச் சோதிக்கப்படவில்லை.

2006இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று கே2 எலும்பு முறிவைக் குறைப்பதாகக் கூறியது. அதில் இடம்பெற்ற சில ஆய்வுகள் நம்பகத்தன்மையின்மையால் பின்னர் மீளப்பெறப்பட்டன. 4,000க்கும் மேற்பட்ட ஜப்பானியப் பெண்களிடம் நடந்த சோதனையிலும் கால்சியத்தோடு கே2 சேர்த்தது ஒட்டுமொத்த முதுகெலும்பு முறிவைக் குறைக்கவில்லை. மேலும், வார்ஃபரின் உட்கொள்வோருக்குக் கே வைட்டமின் மருந்தின் செயலைக் குலைக்கக் கூடியது. அம்மருந்தின் பெயரிலும் ஒரு வரலாற்றுப் பிணைப்பு உண்டு. ஹாரி ஸ்டீன்பாக்கின் டி வைட்டமின் காப்புரிமையை நிருவகிக்க 1925இல் தோன்றிய விஸ்கான்சின் முன்னாள் மாணவர் ஆய்வு அறக்கட்டளையின் பெயரெழுத்துகளே வார்ஃபரின் என்னும் சொல்லின் முற்பகுதியாகும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று முடிவுகளைப் பெறலாம். முதலாவது, வைட்டமின்–ஹார்மோன் என்னும் பகுப்பு கண்டுபிடிப்பு முறையிலிருந்து தோன்றியதே தவிர உடலின் இயக்கத்திலிருந்து தோன்றியதன்று. இரண்டாவது, அப்பகுப்பு நெகிழ்ந்த பின்னும் சேர்க்கையின் பயனை அளக்கும் முயற்சிகள் குறைவாகவே நிகழ்ந்தன. மூன்றாவது, ஹார்மோன் சிகிச்சையோடு கால்சியமும் டி வைட்டமினும் சேர்வதற்கு ஓரளவு சான்று உண்டு; கே வைட்டமினைச் சேர்ப்பதற்கு உயிரியல் நியாயம் உண்டேயன்றி, எலும்பு முறிவை அளந்த சான்று இங்கு ஆராய்ந்த சோதனைகளில் இல்லை. 2002க்குப் பின் ஹார்மோனைக் கைவிட்ட பெண்கள் இழந்த பாதுகாப்பை வைட்டமின் மாத்திரைகளே ஈடுசெய்யும் என்னும் நம்பிக்கையை இவ்வரலாறு ஆதரிக்கவில்லை. ஒரே திசுவில் செயற்படுகின்றன என்பது ஒன்றன் இடத்தை மற்றொன்று நிரப்பும் என்பதற்குச் சான்றாகாது.